விழுந்த பந்து எங்கே திரும்பும்? பில்லியர்ட்ஸ் கற்கத் தொடங்குபவருக்கு ஒரு பதில்

"நண்பர்களோடு முதல்முறையாக பில்லியர்ட்ஸ் ஆடப் போனேன். நான் அடித்த பந்தே பாக்கெட்டுக்குள் போய்விட்டது. ஒருவர் ஃபவுல் என்றார், இன்னொருவர் மூன்று பாயிண்ட் என்றார். கொஞ்ச நேரம் கழித்து எதிராளியின் பந்தை நான் பாக்கெட்டில் போட்டேன். அதை எடுத்து மேசையில் வைக்கப் போனபோது, வைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். ஒன்றும் புரியவில்லை. விதிகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வழக்கைத் தீர்த்துவிடலாம். இருவர் சொன்னதும் சரிதான், ஆனால் இருவரும் வேறு வேறு ஆட்டத்தின் விதியைச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்நூக்கரிலும் பூலிலும் நாம் அடிக்கும் பந்து பாக்கெட்டில் விழுந்தால் ஃபவுல். பில்லியர்ட்ஸில் அது புள்ளி. சிவப்பில் பட்டு விழுந்தால் மூன்று, எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் இரண்டு. எதிலுமே படாமல் நேராகப் போய் விழுந்தால்தான் ஃபவுல்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். மேசையில் குச்சியால் பந்தடிக்கும் எந்த ஆட்டத்தையும் பொதுவாக பில்லியர்ட்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். ஆகவே மேசையருகே போனதும் முதல் வேலையாகப் பந்துகளை எண்ணுங்கள், பிறகு பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். 15 சிவப்பு, 6 வண்ணம், ஒரு வெள்ளை என்று 22 பந்து இருந்தால் ஸ்நூக்கர். எண் போட்ட 15 பந்தும் ஒரு வெள்ளையும் இருந்தால் பூல். மூன்றே பந்து இருந்து, மேசையில் பாக்கெட்டே இல்லையென்றால் அது கேரம் பில்லியர்ட்ஸ் வகை. அதில் புகழ்பெற்ற மூன்று குஷன் ஆட்டத்தில், உங்கள் பந்து இரண்டாவது பந்தைத் தொடுவதற்குள் குறைந்தது மூன்று முறை குஷனில், அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தில், மோதியிருக்க வேண்டும். பந்து மூன்று, பாக்கெட் ஆறு என்றால், அதுதான் நீங்கள் கேட்கும் ஆட்டம். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் என்று முழுப்பெயர். இனி நான் பில்லியர்ட்ஸ் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

மூன்று பந்துகளில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். முன்பெல்லாம் மஞ்சளுக்குப் பதிலாகச் சிறு புள்ளி வைத்த இன்னொரு வெள்ளைப் பந்து இருந்தது. அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் மஞ்சள் பந்தையும் 'வெள்ளை' கணக்கிலேயே பேசுவார்கள். 'வெள்ளையைப் போட்டான்' என்றால் எதிராளியின் பந்தைப் போட்டான் என்று பொருள். வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் மற்றவருக்கு, ஆட்டம் முடியும்வரை மாற்றமில்லை. சிவப்பு இருவருக்கும் பொது. புதியவர்கள் அதிகம் செய்யும் ஃபவுல், தவறிப்போய் எதிராளியின் பந்தைக் குச்சியால் அடித்துவிடுவதுதான். ஒவ்வொரு முறை குனியும்போதும் என் பந்து எது என்று ஒரு கணம் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

மேசை ஸ்நூக்கர் ஆடும் அதே பெரிய மேசை. 12 அடிக்கு 6 அடி என்று சொல்வது பேச்சு வழக்கு; ஆடும் பரப்பு 11 அடி 8.5 அங்குல நீளம், 5 அடி 10 அங்குல அகலம். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். ஒரு முனையில், கீழ்க் குஷனிலிருந்து 29 அங்குலம் தள்ளி மேசையின் குறுக்கே ஒரு கோடு ஓடும். அதற்குப் பாக் கோடு என்று பெயர். கோட்டுக்கும் கீழ்க் குஷனுக்கும் இடைப்பட்ட பகுதி பாக். அந்தக் கோட்டை ஒட்டி, பாக்குக்குள் 11.5 அங்குல ஆரத்தில் ஓர் அரைவட்டம் இருக்கும். பார்க்க ஆங்கில 'டி' (D) எழுத்துபோல இருப்பதால் அதை 'டி' என்றே சொல்கிறோம். ஸ்நூக்கர் பார்த்துப் பழகியவர் என்றால் மற்ற இடங்களை நினைவில் வைப்பது எளிது. ஸ்நூக்கரில் கறுப்பு உட்காரும் இடம் பில்லியர்ட்ஸில் வெறுமனே 'ஸ்பாட்'. அது மேல் குஷனிலிருந்து 12.75 அங்குலத்தில் இருக்கிறது. நீலம் உட்காரும் இடம் சென்டர் ஸ்பாட். இளஞ்சிவப்பு உட்காரும் இடம் பிரமிட் ஸ்பாட்.

இனிப் புள்ளிக் கணக்கு. இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஐந்து நிமிட வேலை. புள்ளி எடுக்க மூன்றே வழி. உங்கள் பந்து மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் கேனன், 2 புள்ளி. ஒரு பந்தை அடித்து பாக்கெட்டில் தள்ளினால் பாட்: சிவப்பு என்றால் 3, எதிராளியின் பந்து என்றால் 2. உங்கள் பந்து இன்னொரு பந்தில் பட்டுத் தானே பாக்கெட்டில் விழுந்தால் இன்-ஆஃப்: சிவப்பில் பட்டு விழுந்தால் 3, எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் 2. பாட், இன்-ஆஃப் இரண்டையும் சேர்த்து ஹசார்ட் என்பார்கள். பாட்டுக்கு வின்னிங் ஹசார்ட், இன்-ஆஃபுக்கு லூசிங் ஹசார்ட் என்று பழைய பெயர். லூசிங் என்ற சொல்லைக் கேட்டு, எதையோ இழக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஆட்டத்தில் அதைப்போல வரவு வேறில்லை.

ஒரே அடியில் இவை சேர்ந்தும் வரலாம், எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கேனன் அடித்துவிட்டு உங்கள் பந்து பாக்கெட்டிலும் விழுந்தால், அந்த இன்-ஆஃபுக்கு 2 புள்ளியா 3 புள்ளியா என்பதை முதலில் தொட்ட பந்து தீர்மானிக்கும். சிவப்பை முதலில் தொட்டிருந்தால் 3. எதிராளியின் பந்தை முதலில் தொட்டிருந்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டிருந்தாலும் 2. இதை வைத்து ஒரே அடியில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடலாம். சிவப்பை முதலில் தொட்டு, பிறகு எதிராளியின் பந்தைத் தொட்டு, மூன்று பந்தும் பாக்கெட்டில் விழுந்தால் கேனனுக்கு 2, சிவப்பு விழுந்ததற்கு 3, எதிராளியின் பந்து விழுந்ததற்கு 2, இன்-ஆஃபுக்கு 3, மொத்தம் 10. மேசையில் இதைப் பார்க்கும் நாள் அரிது. ஆனால் இந்தக் கூட்டலைக் காகிதம் இல்லாமல் போட முடிகிறதென்றால், புள்ளி விதி முழுவதும் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எதிர்பாராமல் விழுந்ததும் புள்ளிதான். எந்தப் பந்தை எங்கே போடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளி எடுக்கும்வரை நீங்களே தொடர்ந்து ஆடலாம். புள்ளி வராத அடியோடு உங்கள் முறை முடியும். தொடர்ச்சியாகச் சேர்த்த புள்ளிகளுக்கு பிரேக் என்று பெயர்.

இதுவரை சொன்னதை எந்த விதிப்புத்தகத்தின் முதல் இரண்டு பக்கத்திலும் படித்துவிடலாம். புதியவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஆட்டம் புரிவது வேறோர் இடத்தில். எது எத்தனை புள்ளி என்பதைவிட, விழுந்த பந்து எங்கே, எப்போது திரும்பி வரும் என்பதைத்தான் முதலில் மனதில் ஏற்ற வேண்டும். மூன்று பந்துக்கும் மூன்று விதமான திரும்பல். நீங்கள் கேட்ட இரண்டு சந்தேகங்களும் இதற்குள்தான் இருக்கின்றன.

சிவப்பு விழுந்தால் உடனே திரும்பி வரும், ஸ்பாட்டில் வைக்கப்படும். அங்கே வேறு பந்து நின்றால் பிரமிட் ஸ்பாட், அதுவும் இல்லையென்றால் சென்டர் ஸ்பாட். ஆக, சிவப்பு எப்போதும் மேசையில் இருக்கும். அது வற்றாத ஊற்று. ஆனால் ஒரு கட்டுப்பாடு: ஸ்பாட்டிலிருந்தோ பிரமிட் ஸ்பாட்டிலிருந்தோ, வேறு புள்ளி எதுவும் சேராமல், அடுத்தடுத்த இரண்டு அடியில் சிவப்பைப் போட்டுவிட்டால் மூன்றாவது முறை அது சென்டர் ஸ்பாட்டுக்குப் போய்விடும். அங்கே இடமில்லை என்றால் பிரமிட் ஸ்பாட்டுக்கு. இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எதிராளியின் பந்து விழுந்தால் திரும்பி வராது. உங்கள் முறை முடியும்வரை அது மேசைக்கு வெளியேதான் இருக்கும். அவருடைய முறை வந்ததும் அவர் அதை எடுத்து 'டி'-க்குள் வைத்து ஆடுவார். உங்களை நண்பர்கள் தடுத்தது இதனால்தான். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். எதிராளியின் பந்தைப் போட்டு 2 புள்ளி வாங்குகிறீர்கள். அடுத்த அடியில் மேசையில் உங்கள் பந்தும் சிவப்பும் மட்டுமே. கேனன் அடிக்க வழியே இல்லை. எதிராளியின் பந்தில் பட்டு விழும் இன்-ஆஃபும் இல்லை. மூன்று வழியில் வந்துகொண்டிருந்த வரவு, சிவப்பு ஒன்றை நம்பியதாகிவிடுகிறது. ஆகவே விதி தடுக்காவிட்டாலும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிராளியின் பந்தை அவ்வளவு எளிதில் போடமாட்டார்கள். பாக்கெட் வாயில் நிற்கும் பந்தைப் பார்த்ததும் புதியவர்களின் கை பரபரக்கும். அந்த 2 புள்ளியை விட்டுவிட்டு வேறு அடி தேடுவது பில்லியர்ட்ஸில் நான் கற்ற முதல் பாடம், மிகவும் கஷ்டப்பட்டுக் கற்ற பாடமும் அதுதான்.

உங்கள் பந்து விழுந்தால், அதாவது இன்-ஆஃப் ஆனால், அது உங்கள் கைக்கே வரும். 'டி'-க்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடுத்த அடியை ஆடலாம். இதில் உள்ள சுகத்தைக் கவனியுங்கள். பாட் அடித்தால், உங்கள் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. இன்-ஆஃப் அடித்தால் உங்கள் பந்தைப் பற்றிய கவலையே இல்லை, சிவப்பு நல்ல இடத்தில் வந்து நின்றால் போதும். ஒரே ஒரு பந்தின் ஓட்டத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும் என்பதால், கற்கத் தொடங்குபவருக்கு பில்லியர்ட்ஸில் மிகவும் கைகொடுக்கும் அடி இன்-ஆஃப்தான்.

ஆனால் 'டி'-யிலிருந்து ஆடும்போது ஒரு நிபந்தனை உண்டு. பந்து கையில் வந்து 'டி'-யிலிருந்து ஆடும் அந்த அடியில், பாக்குக்குள் இருக்கும் பந்தை நேராக அடிக்கக் கூடாது. உங்கள் பந்து முதலில் பாக்குக்கு வெளியே போக வேண்டும். அங்கே ஒரு பந்திலோ குஷனிலோ பட்ட பிறகு, திரும்பி வந்து பாக்கில் இருப்பதைத் தொடலாம். மேல் குஷன்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்து தொடுவதும் சரிதான். புதியவர்கள் தடுமாறும் இடம் கோட்டின் மேலேயே நிற்கும் பந்து. பாக் கோட்டின் மேல் நிற்கும் பந்து பாக்குக்குள் இருப்பதாகத்தான் கணக்கு. மேலிருந்து பார்த்தால் பந்தின் பாதி வெளியே துருத்திக்கொண்டு தெரியும், அதை நம்பாதீர்கள். பந்து துணியைத் தொடும் அடிப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. நடுவர் அப்படியே மேசைக்குக் கண்மட்டம் வரை குனிந்து பார்ப்பது அதற்காகத்தான்.

இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பில்லியர்ட்ஸின் தற்காப்பு உத்தி முழுவதும் பிறக்கிறது. எதிராளியின் பந்து மேசைக்கு வெளியே இருக்கிறது, உங்களுக்கோ புள்ளி எடுக்க நல்ல வழி தெரியவில்லை என்று வையுங்கள். சிவப்பையும் உங்கள் பந்தையும் இரண்டையுமே பாக்குக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவீர்கள். அவர் 'டி'-யில் பந்தை வைத்து நிற்கிறார். கண்ணெதிரே ஓரடி தூரத்தில் இரண்டு பந்தும் இருக்கின்றன. எதையும் நேராகத் தொட முடியாது. பந்தைப் பாக்குக்கு வெளியே அனுப்பி, குஷனில் மோதவிட்டு, குத்துமதிப்பாகத் திரும்ப வர வைக்க வேண்டும். இதற்கு டபுள் பாக் என்று பெயர். விதியைப் படித்தபோது வறட்டு நிபந்தனையாகத் தோன்றியது, முதன்முறை என்மேல் டபுள் பாக் விழுந்த அன்று உயிரோடு எழுந்து நின்றது.

ஆட்டம் தொடங்கும் முறையும் இதே தர்க்கத்தில்தான் அமைந்திருக்கிறது. யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்ய, இருவரும் பாக் கோட்டிலிருந்து ஒரே நேரத்தில் பந்தை மேல் குஷனுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்து கீழ்க் குஷனுக்கு அருகில் யார் பந்து நிற்கிறதோ அவர் தேர்வு செய்யலாம். சிவப்பு ஸ்பாட்டில் இருக்கும். முதலில் ஆடுபவர் 'டி'-யிலிருந்து தொடங்குவார். மற்றவரின் பந்து அப்போது மேசையிலேயே இருக்காது. அதனால் முதல் அடியில் கேனன் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிவப்பை வைத்துப் புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிராளிக்குச் சங்கடமான இடத்தில் பந்துகளை நிறுத்த வேண்டும்.

ஒரு முறை எப்படி ஓடும் என்று காட்டுகிறேன். உங்கள் பந்து மஞ்சள். ஆட்டம் கொஞ்சம் நகர்ந்து மூன்று பந்தும் மேசையில் இருக்கின்றன. முதல் அடி: சிவப்பில் பட்டு மஞ்சள் பாக்கெட்டில் விழுகிறது, 3. பந்து கையில். 'டி'-யில் வைத்து இரண்டாவது அடி: சிவப்பை மேல் பாக்கெட்டில் போடுகிறீர்கள், இன்னொரு 3, பிரேக் 6. சிவப்பு ஸ்பாட்டுக்குத் திரும்புகிறது, மஞ்சள் நின்ற இடத்தில் நிற்கிறது. மூன்றாவது அடி: சிவப்பில் உரசி வெள்ளையைத் தொடுகிறது, கேனன், பிரேக் 8. நான்காவது அடி: வெள்ளையை முதலில் தொட்டு, சிவப்பைத் தொட்டு, மஞ்சள் நடு பாக்கெட்டில் விழுகிறது. கேனனுக்கு 2, இன்-ஆஃபுக்கு 2, ஏனென்றால் முதலில் தொட்டது வெள்ளை. பிரேக் 12. ஐந்தாவது அடி எதையுமே தொடவில்லை. அது ஃபவுல். ஏற்கெனவே சேர்த்த 12 உங்களுடையதுதான், யாரும் பிடுங்கமாட்டார்கள். எதிராளிக்கு 2 புள்ளி சேரும், முறையும் அவருக்குப் போகும்.

ஃபவுலுக்கு எப்போதும் இந்த 2 புள்ளிதான். ஸ்நூக்கரில் குறைந்தது 4, சில நேரம் 7 வரை போகும் என்று பழகியவர்களுக்கு இது சிறு தண்டனையாகத் தெரியும். ஆனால் அந்த 2 புள்ளியோடு எதிராளிக்கு ஓர் உரிமையும் கிடைக்கிறது. பந்துகள் நிற்கும் நிலையிலேயே அவர் ஆடலாம். அது பிடிக்கவில்லையென்றால் சிவப்பை ஸ்பாட்டிலும், உங்கள் பந்தைச் சென்டர் ஸ்பாட்டிலும் வைக்கச் சொல்லி, தன் பந்தைக் கையில் எடுத்து 'டி'-யிலிருந்து ஆடலாம். சென்டர் ஸ்பாட்டில் நிற்கும் பந்து 'டி'-யிலிருந்து ஆடுபவருக்கு எவ்வளவு வசதி என்பது கொஞ்சம் கீழே வருகிறது. அதைப் படித்தால் உண்மையான தண்டனை எது என்று தெரியும்.

எவையெல்லாம் ஃபவுல் என்று நீண்ட பட்டியல் இருந்தாலும், தொடக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. மேசையில் ஏதாவது ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும்போது அடிப்பது. எட்டவில்லை என்று இரண்டு காலையும் தூக்கிவிடுவது. ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், எட்டாத இடத்துக்குக் குச்சியைத் தாங்கும் ரெஸ்ட் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையோ விரலோ பந்தில் படுவது. பந்தை மேசைக்கு வெளியே பறக்கவிடுவது. ஒரே அடியில் குச்சிநுனி இருமுறை பந்தைத் தொடுவது, அல்லது அடிக்காமல் தள்ளிக்கொண்டே போவது. கடைசியாகச் சொன்னது உங்கள் பந்தும் மற்ற பந்தும் விரல் இடைவெளியில் இருக்கும்போது தெரியாமலே நடக்கும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் இதை எதிராளியால் பார்க்க முடியாது, உங்கள் கைக்குத்தான் தெரியும். தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டு பந்துகள் ஒட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்குச் சீக்கிரமே வரும். ஸ்நூக்கரில் தள்ளாமல் விலகி அடிக்கச் சொல்வார்கள். பில்லியர்ட்ஸில் அப்படியில்லை. ஆட வேண்டியவரின் பந்து இன்னொரு பந்தைத் தொட்டபடி நின்றால் சிவப்பு ஸ்பாட்டுக்கும், மேசையில் இருந்தால் எதிராளியின் பந்து சென்டர் ஸ்பாட்டுக்கும் போகும். ஆடுபவர் 'டி'-யிலிருந்து தொடங்குவார்.

இப்போது அந்தக் கதை. இந்த ஆட்டத்தின் சில விதிகள் பார்க்கும்போது விநோதமாக இருக்கும். சிவப்பை ஏன் இரண்டு முறைக்கு மேல் ஸ்பாட்டில் வைக்கக் கூடாது? கேனன் இல்லாமல் தொடர்ந்து 15 ஹசார்டுக்கு மேல் ஏன் கூடாது? ஹசார்ட் இல்லாமல் தொடர்ந்து 75 கேனனுக்கு மேல் ஏன் கூடாது? ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து ஆட்டத்தையே தீர்த்துவிட்ட மேதைகள் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பாட்டில் நிற்கும் சிவப்பை மேல் பாக்கெட்டில் போடுவது, அது திரும்பி ஸ்பாட்டுக்கு வருவது, மறுபடியும் போடுவது என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். 1907-இல் டாம் ரீஸ் என்ற ஆங்கிலேயர் மூலைப் பாக்கெட்டின் வாயில் இரண்டு பந்தையும் நிறுத்திவைத்துக்கொண்டு, அவற்றை அசைக்காமலே கேனன் அடித்தபடி வாரக்கணக்கில் ஆடி 4,99,135 புள்ளி சேர்த்தார். அது அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கப்படவில்லை, அந்த உத்தியும் தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் குஷனோரமாக மூன்று பந்தையும் ஒரு கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு நகர்த்தியபடியே கேனன்களாக அடித்துத் தள்ளுவார். 1932-இல் லண்டனில் ஜோ டேவிஸுக்கு எதிராக அவர் எடுத்த 4,137 பிரேக் இன்றும் சாதனையாக நிற்கிறது. அவரைப் போன்றவர்களின் பிரேக்குகளுக்கு அணைபோட, குறிப்பிட்ட புள்ளி இடைவெளியில் அடிக்கும் பந்து பாக் கோட்டைக் கடந்தாக வேண்டும் என்ற விதி 1930-களில் வந்தது. நீங்கள் ஆடும் ஆட்டத்தில் இந்த வரம்புகள் எதுவும் இப்போதைக்குக் குறுக்கே வராது. இருந்தாலும் சிவப்புக்கான இரண்டு முறை விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

'எங்கிருந்து தொடங்குவது' என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இரண்டு. ஒன்று, ஆடுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் மற்றவர்கள் ஆடுவதற்கு ஸ்கோர் எழுதுங்கள். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் வாரம் குச்சியையே தொடவிடவில்லை. ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை புள்ளி, எந்தப் பந்து எங்கே போகும் என்று உரக்கச் சொல்லச் சொன்னார். தவறாகச் சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார், பதில் சொல்லமாட்டார். நானே திருத்திச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. அன்றைக்குக் கோபமாக வந்தது. ஆனால் நான் முதன்முதலில் குனிந்து அடித்தபோது விதிக்காக ஒருமுறைகூட நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு பழகுங்கள். சிவப்பைச் சென்டர் ஸ்பாட்டில் வையுங்கள். உங்கள் பந்தைப் பாக் கோட்டில், நடுவிலிருந்து வலப்பக்கம் ஐந்தாறு அங்குலம் ஒதுக்கி வையுங்கள். குறி வலது மேல் பாக்கெட். உங்கள் பந்தின் மையம் சிவப்பின் வலது விளிம்பை நோக்கிப் போகும்படி பாருங்கள். அடிபடும் நேரத்தில், குச்சிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் சிவப்பின் சரிபாதியை உங்கள் பந்து மறைத்திருக்கும். இதற்கு அரைப் பந்து என்று பெயர். குச்சிநுனியில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு, பந்தின் மையத்தில், பக்கச் சுழல் எதுவும் இல்லாமல், நிதானமான வேகத்தில் உருட்டிவிடுங்கள். சிவப்பு இடப்பக்கம் விலகிப் போகும், உங்கள் பந்து வலப்பக்கம் 30 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் திரும்பி மூலைப் பாக்கெட்டை நோக்கி உருளும்.

இந்த அடியைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உருண்டு வரும் பந்து அரைப் பந்தாகப் படும்போதுதான் அதன் திருப்பம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கிறது. உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், நீங்கள் ஒரு மயிரிழை தடிமனாகவோ மெல்லியதாகவோ அடித்துவிட்டாலும் திருப்பத்தின் கோணம் பெரிதாக மாறுவதில்லை. பாட் அடிக்கும்போது அதே மயிரிழைப் பிழை சிவப்பைப் பாக்கெட்டுக்கு வெளியே தள்ளிவிடும். பில்லியர்ட்ஸ் உங்கள் பிழையை மன்னிக்கும் இடம் இது ஒன்றுதான்.

பந்து பாக்கெட்டுக்கு இடப்பக்கம் மேல் குஷனில் மோதினால் உங்கள் பந்தை இன்னும் சற்று நடுவை நோக்கி நகர்த்துங்கள். வலப்பக்கக் குஷனில் மோதினால் நடுவிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள். குறியை மாற்றாதீர்கள், பந்து வைக்கும் இடத்தை மாற்றுங்கள்; 'டி' உங்களுக்குக் கொடுக்கும் சுதந்திரமே அதுதான். பத்துக்கு ஐந்து விழத் தொடங்கியதும் உங்கள் பந்தை மறந்துவிட்டுச் சிவப்பைப் பின்தொடருங்கள். அது பக்கக் குஷனிலும் மேல் குஷனிலும் மோதி எங்கே வந்து நிற்கிறது? மெதுவாக அடித்தால் மேலேயே தங்கிவிடும், வேகமாக அடித்தால் பாக்குக்குள் ஓடிப்போய் உங்களுக்கே எட்டாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில் சிவப்பு மேசையின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்து, 'டி'-யிலிருந்து மறுபடியும் ஓர் இன்-ஆஃப் அடிக்கக்கூடிய இடத்தில் நிற்கும். அப்போது அதைச் சென்டர் ஸ்பாட்டுக்கு எடுத்துவைக்காமல், நின்ற இடத்திலிருந்தே அடுத்ததை அடியுங்கள். மூன்று, ஆறு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.